கிறிஸ்டல் ரேடியோ: சாரணப் பெடியள் தவிர்க்க வேண்டிய பிழைகள்

பாசறையில் கிறிஸ்டல் ரேடியோ, அதாவது பற்றரி இல்லாமலே வேலை செய்யும் எளிய வானொலிப் பெட்டி, செய்ய உட்காரும் பெடியளைப் பார்க்கும்போதெல்லாம், அந்த வயதில் நாங்கள் விட்ட பிழைகளே அச்சுப் பிசகாமல் திரும்பி வருகின்றன. வயர் கழன்று போவது, கம்பிச் சுருளின் நுனியில் எனாமல் பூச்சைச் சுரண்ட மறப்பது எல்லாம் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அவற்றை விடுவோம்.

எர்த்தை அலட்சியம் செய்வது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். இந்தப் பெட்டிக்கு பற்றரி இல்லை. காதில் கேட்கும் ஒலிக்கான சக்தி முழுவதும் ஏரியலில் படும் அலையிலிருந்தே வர வேண்டும். அந்த மின்னோட்டம் சுருள் வழியாக நிலத்துக்கு ஓடினால்தான், அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் டயோட்டுக்கு ஏதாவது கிடைக்கும். நிலத்தோடு சேர்க்கும் அந்தத் தொடுப்புத்தான் எர்த்; அது மோசமென்றால் மின்சுற்றில் பாதியே இல்லை.

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு பாசறை. ஒரு தம்பி சுருளை இடைவெளி தெரியாமல் நெருக்கிச் சுற்றியிருந்தான். ஏரியலும் இரண்டு தென்னைக்கு நடுவே நல்ல உயரத்தில். "சேர், ஒண்டும் கேக்குதில்லை" என்றான். டயோட்டை மாற்றினான், சுருளைப் பிரித்து மறுபடி சுற்றினான். பின்னேரம் முழுக்க அதிலேயே போயிற்று. எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தால், முகம் கழுவும் பைப்பில் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கியிருக்கிறான். பிவிசி பைப்!

பிள்ளையில் குற்றமில்லை. அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1918இலேயே வயர்லெஸ் திறமைக்குச் சின்னம் கொடுக்கத் தொடங்கியது. 1922இல் அந்நாட்டு அரசின் தர நிர்ணயப் பணியகம், வீட்டிலேயே ரேடியோ செய்வது எப்படி என்று சுற்றறிக்கையே வெளியிட்டது. அந்தக் காலத்துக் கையேடுகள் தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டச் சொன்னால் அது சரி. அன்று குழாய் உலோகம். அதே வரியை இன்றும் பார்த்துப் பார்த்து எழுதிக் கொடுப்பவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

அன்றிரவு பக்கத்து வளவுக் கிணற்றில் இறங்கியிருந்த பழைய இரும்புக் குழாயில் துருவைச் சுரண்டிக் கட்டினோம். ஹெட்போனை வைத்தவுடனே தம்பியின் முகம் மாறிவிட்டது.

குழாய் கிடைக்காத இடத்தில் கம்பியை மணலில் குத்திவிட்டு வருகிறார்கள். காய்ந்த மணலில் மின்சாரம் ஓடாது. ஈரம் தட்டும்வரை தோண்டி இறக்குங்கள். கிணற்றடியும் வாழைப்பாத்தியும் நல்ல இடங்கள். மேலே இரண்டு வாளி தண்ணீரும் ஊற்றுங்கள்.

"எர்த் இல்லாமலே எங்களுக்குக் கேட்டதே" என்று மூத்தவர்கள் சிலர் சொல்வார்கள். கேட்டிருக்கும். ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி திருகோணமலையிலேயே மறு ஒலிபரப்பு நிலையம் வைத்து, மத்திய அலையில் 1548 கிலோஹேர்ட்ஸில் ஒலிபரப்பிய காலம் அது. இவ்வளவு கிட்ட இருந்து வரும் அலைக்கு அரைகுறை எர்த்தும் போதும். டொய்ச்ச வெல்ல அந்த ஒலிபரப்பை நிறுத்திவிட்டது. இப்போது பிடிக்க வேண்டியது தூரத்து நிலையங்களை, அதுவும் இரவில்.

கிடைத்த டயோட்டைப் போடுவது

கடையில் டயோட் என்று கேட்டால் சிலிக்கனைத் தருவார்கள். அது திறக்க 0.6 வோல்ட் அளவு வேண்டும், ஜெர்மானியத்துக்கு 0.2, 0.3 போதும். ஏரியலில் வரும் மெல்லிய அலைக்கு ஜெர்மானியம்தான் சரி; 1என்34ஏ (1N34A) என்று இலக்கம் சொல்லிக் கேளுங்கள். ஈயம் உருக்கி ஒட்டும்போது டயோட்டின் காலை இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள், சூடு உள்ளே ஏறினால் பழுதாகிவிடும். முந்தி டயோட்டுக்குப் பதிலாக கலீனா என்ற ஈயத் தாதுக் கல்லில் மெல்லிய கம்பியால் தொட்டுத் தொட்டு நல்ல இடம் தேடுவார்கள். அந்தக் கல் கிடைத்தால் ஒருமுறையாவது பெடியளைத் தேடவிடுங்கள்; டயோட் என்ன செய்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

கைபேசி இயர்போன்

அதன் மின்தடை 16 அல்லது 32 ஓம்தான். இங்கே தேவை 2000 ஓம் ஹெட்போன், இல்லாவிட்டால் கிறிஸ்டல் இயர்பீஸ்.

எஃப்எம் தேடுவது

வராது. இது மத்திய அலைப் பெட்டி.

மின்கம்பிக்குக் கிட்ட ஏரியல்

கட்டவே கூடாது. அறுந்து விழுந்து மின்கம்பியில் தொட்டால் உயிர் போகும். மழை இருட்டுவதற்கு முன்பே ஏரியலைப் பெட்டியிலிருந்து கழற்றி, வெளியே எர்த்தோடு சேர்த்துவிடுங்கள். இடி முழங்கத் தொடங்கிய பிறகு வயரைத் தொடப் போக வேண்டாம்.