டேட்டாபேஸில் கட்டுரை தேடுவது எப்படி?

நூலகத்தில் என்னிடம் வரும் மாணவர்கள் பலர், முழுக் கேள்வியையும் தேடல் பெட்டியில் தட்டிவிட்டு "ஒண்ணுமே வரல" என்பார்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து வைத்திருக்கும் பெரும்பாலான டேட்டாபேஸ்கள் சொற்களைத்தான் தேடும்.

தூக்கமின்மை மாணவர்களின் மதிப்பெண்ணைப் பாதிக்கிறதா என்பது உங்கள் கேள்வியா? சரி, அதில் கரு மூன்று: தூக்கமின்மை, மாணவர், மதிப்பெண். ஒவ்வொன்றுக்கும் வேறு சொற்களையும் தாளில் எழுதுங்கள். ஒரே கருவின் சொற்களை 'ஆர்' (OR) போட்டு அடைப்புக்குறிக்குள் வையுங்கள்; கருக்களை 'ஆண்ட்' (AND) போட்டு இணையுங்கள். பிரியக்கூடாத சொற்றொடருக்கு இரட்டை மேற்கோள் குறி.

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்ததும் அவசரமாக டவுன்லோட் செய்துவிட்டு நகராதீர்கள். அது எதைப் பற்றியது என்று காட்ட டேட்டாபேஸ் கொடுத்திருக்கும் நிலையான சொற்களை, அதாவது பொருள் தலைப்புகளை, பாருங்கள். மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட்டில் இவற்றின் பெயர் 'மெஷ்'. அவற்றை வைத்து மறுபடி தேடினால், நீங்கள் யோசிக்காத சொல்லில் எழுதப்பட்ட கட்டுரைகளும் வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். அப்புறம், அந்தக் கட்டுரையின் மேற்கோள் பட்டியல் பழைய ஆய்வுகளுக்கும், அதை மேற்கோள் காட்டியவற்றின் பட்டியலான 'சைட்டட் பை' புதியவற்றுக்கும் கொண்டுபோகும்.

'ஃபுல் டெக்ஸ்ட்' மட்டும் என்று வடிகட்டாதீர்கள். இங்கே இல்லாத முழுக்கட்டுரை நூலகத்தின் இன்னொரு டேட்டாபேஸில் இருக்கலாம். உதாரணமாக, ஜேஸ்டோர் என்ற டேட்டாபேஸில் பல ஆய்விதழ்களின் கடைசிச் சில ஆண்டுகள் இருக்காது. சேமிக்கும்போது மேலே தெரியும் முகவரியை விட்டுவிட்டு, மாறாத இணைப்பான 'பெர்மாலிங்க்'கை எடுங்கள்.