சிறார் படைச்சேர்ப்பு பற்றிய தகவலைச் சட்டப்படி ஆராய்வது எப்படி?

ஒரு சிறுவனின் கையில் ஆயுதம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற தகவல் கிடைத்தால், அது சர்வதேசச் சட்டத்தை மீறிய செயலா, எந்தச் சட்டம் மீறப்பட்டது, பொறுப்பாளி யார் என்ற கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். சட்ட மாணவர்களும் செய்தியாளர்களும் களப்பணியாளர்களும் பெரும்பாலும் வயதிலிருந்தே தொடங்குகிறார்கள். அந்தச் சிறுவனைச் சேர்த்தது யார் என்பதிலிருந்து தொடங்குவதே நல்லது. எந்த வயது வரம்பு பொருந்தும் என்பதை அந்த விடைதான் பெருமளவு தீர்மானிக்கிறது.

சேர்த்தது அரசுப் படை என்றால், அந்நாடு ஏற்றுக்கொண்டுள்ள ஒப்பந்தங்களை முதலில் பாருங்கள். போர்க்கால விதிகளான ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறைகளும், 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 38ஆம் பிரிவும் 15 வயதை வரம்பாக வைத்தன. பொதுவாக 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்று வரையறுக்கும் உடன்படிக்கை, போர்க்களம் என்று வரும்போது மட்டும் அந்த வயதைக் குறைத்துக்கொண்டது அதன் பெருங்குறை என்றே நான் கருதுகிறேன். 2000ஆம் ஆண்டு மே 25 அன்று ஏற்கப்பட்டு 2002 பிப்ரவரி 12 அன்று நடைமுறைக்கு வந்த விருப்ப நெறிமுறை, அதாவது நாடுகள் விரும்பினால் ஏற்கக்கூடிய அந்த உடன்படிக்கையின் துணை ஒப்பந்தம், அக்குறையைப் பெரிதும் சரிசெய்தது. அதன்படி 18 வயது நிறையாத எவரையும் அரசு கட்டாயமாகப் படையில் சேர்க்கக் கூடாது. அவர்கள் சண்டையில் நேரடியாக ஈடுபடாதிருக்க இயன்ற நடவடிக்கைகள் அனைத்தையும் எடுக்க வேண்டும். தாமாக முன்வருவோரைப் பொறுத்தவரை, ஒவ்வொரு நாடும் நெறிமுறையை ஏற்கும்போதே தன் குறைந்தபட்ச வயதை அறிவிக்கிறது. ஆகவே 16 அல்லது 17 வயதினர் அரசுப் படையில் சேர்ந்ததாகத் தகவல் வந்தால், அந்த அறிவிப்பைத் தேடிப் படித்த பின், சேர்க்கை உண்மையிலேயே விருப்பத்தின்பேரில் நடந்ததா, பெற்றோர் விவரம் அறிந்து சம்மதித்தார்களா, படைப்பணியின் கடமைகள் முழுமையாக விளக்கப்பட்டனவா, வயதுக்கு நம்பத்தகுந்த சான்று பெறப்பட்டதா என்ற நான்கையும் சரிபாருங்கள்.

அரசு சாராத ஆயுதக் குழுவுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. எந்தச் சூழ்நிலையிலும் 18 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கவோ போரில் பயன்படுத்தவோ கூடாது என்கிறது நெறிமுறையின் 4ஆம் பிரிவு. அத்தகைய செயலைத் தடுப்பதும் உள்நாட்டுச் சட்டத்தில் குற்றமாக்குவதும் அரசின் கடமை என்றும் அது விதிக்கிறது. ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடாத நாடு என்று சொல்லித் தப்பிவிடவும் வழியில்லை. 15 வயதுக்குக் குறைந்தோரைச் சேர்ப்பது வழக்காற்றுச் சர்வதேசச் சட்டத்தின்படியே (நாடுகளின் நெடுநாள் நடைமுறையால் உருவாகி எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டம்) குற்றம் என்று சியரா லியோன் சிறப்பு நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வு 2004இல் தீர்மானித்துவிட்டது.

பலரும் தடுமாறும் இடம் அடுத்து வருகிறது. ஒப்பந்த மீறல்கள் எல்லாம் போர்க்குற்றம் ஆகிவிடுவதில்லை. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய 1998ஆம் ஆண்டின் ரோம் சாசனம், 15 வயது நிறையாதவர்களைக் கட்டாயப்படுத்திச் சேர்ப்பது, விரும்பி வந்தாலும் சேர்த்துக்கொள்வது, போர் நடவடிக்கைகளில் தீவிரமாகப் பங்கேற்கப் பயன்படுத்துவது ஆகிய மூன்றையும் போர்க்குற்றங்களாக வகைப்படுத்துகிறது. எனவே 16 வயதுச் சிறுமியை ஆயுதக் குழு சேர்த்துக்கொண்டிருந்தால் அது விருப்ப நெறிமுறைக்கு முரணானதே தவிர, ரோம் சாசனத்தின் இந்தக் குறிப்பிட்ட குற்றம் ஆகாது; கடத்தல், பாலியல் அடிமைத்தனம் போன்ற வேறு குற்றங்கள் நடந்தனவா என்பதைத் தனியே ஆராய வேண்டும். இரண்டையும் குழப்பி எழுதப்படும் அறிக்கையை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதில் உடைத்துவிடுவார்.

'அவனாகத்தான் வந்தான்' என்ற வாதம் எப்போதும் எழும். காங்கோ ஜனநாயகக் குடியரசின் ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபாங்கா வழக்கில் 2012 மார்ச் 14 அன்று தீர்ப்பளித்த சர்வதேச குற்றவியல் நீதிமன்றம், 15 வயதுக்குட்பட்ட குழந்தையின் சம்மதம் குற்றத்துக்கு எதிர்வாதமாகாது என்று தெளிவாகக் கூறியது. பசியும் பெற்றோரின் மரணமும் எரிந்துபோன வீடும் ஒரு பிள்ளையை முகாமுக்குத் துரத்தும்போது, அதை விருப்பம் என்று அழைப்பது எனக்கு அநீதியாகவே படுகிறது.

துப்பாக்கி ஏந்தினார்களா என்பதோடு விசாரணையை நிறுத்திவிடாதீர்கள். சிறார் படைச்சேர்ப்பு பற்றிய வழிகாட்டுதல்களான 2007ஆம் ஆண்டின் பாரிஸ் கோட்பாடுகள், சமையல்காரர், சுமைதூக்கி, தூதுவர், உளவாளி எனப் பணிபுரிந்தவர்களையும் பாலியல் நோக்கங்களுக்காகப் பயன்படுத்தப்பட்டவர்களையும் படையோடு தொடர்புடைய குழந்தைகளாகவே கருதுகின்றன. இதைக் கவனிக்காவிட்டால் பெண் குழந்தைகள் கணக்கிலிருந்தே மறைந்துபோவார்கள். ஆனால் குற்ற வழக்கில் அளவுகோல் சற்றுக் குறுகியது: அந்தப் பணி குழந்தையை எதிரியின் தாக்குதலுக்கு இலக்காகக்கூடிய உண்மையான ஆபத்தில் நிறுத்தியதா என்று லுபாங்கா வழக்கில் நீதிபதிகள் பார்த்தார்கள்.

வயதை நிறுவுவதே மிகக் கடினமான வேலை. பிறப்புச் சான்றிதழ் இல்லாத இடங்களில் பள்ளிப் பதிவேடு, தடுப்பூசி அட்டை, உறவினர் கூற்று ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எலும்பு எக்ஸ்ரே தோராயமான விடையையே தரும். முன்னாள் சிறார் போராளிகள் என்று லுபாங்கா வழக்கில் முன்னிறுத்தப்பட்ட பலரது வாக்குமூலங்களை நீதிபதிகள் நம்பவில்லை. அவர்களை அழைத்துவந்த இடைத்தரகர்களின் தலையீடு குறித்து ஐயம் எழுந்திருந்தது. மாறாக, ருவாம்பாரா பயிற்சி முகாமில் 2003 பிப்ரவரியில் லுபாங்கா உரையாற்றும் காணொளி முக்கியச் சான்றாயிற்று. அதிலும் பார்த்த மாத்திரத்தில் 15க்கு வெகுகீழே என்று தெரிந்தவர்களை மட்டுமே அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். உங்கள் கையில் ஒளிப்படமோ காணொளியோ இருந்தால், எடுத்த நாள், இடம், எடுத்தவர் ஆகிய விவரங்களோடு மூலக்கோப்பை மாற்றாமல் பாதுகாத்து வையுங்கள்.

குழந்தையிடம் மீண்டும் மீண்டும் கதை கேட்காதீர்கள். ஒவ்வொரு முறையும் விவரங்கள் மாறுவதால் சான்று பலவீனமாகும்; அதைவிட முக்கியமாக, அந்தப் பிள்ளை மறுபடியும் காயப்படும். பெயரையும் முகத்தையும் ஊரையும் வெளியிடக் கூடாது. தகவலை யுனிசெஃப் அல்லது குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்குக் கொண்டுசெல்லுங்கள். ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2005ஆம் ஆண்டு 1612ஆம் எண் தீர்மானம் உருவாக்கிய கண்காணிப்பு முறையில் அது சரிபார்க்கப்பட்டால், ஐ.நா. பொதுச்செயலாளரின் ஆண்டறிக்கையில் அந்தப் படை பெயர் குறிப்பிட்டுப் பட்டியலிடப்படலாம். பட்டியலிலிருந்து நீங்க, சிறார்களை விடுவிக்கும் செயல்திட்டத்தில் கையெழுத்திட்டு அதை நிறைவேற்றியாக வேண்டும்.

கடைசியாக, அந்தச் சிறுவனே கொலை செய்திருந்தால் என்ன எழுதுவது? ரோம் சாசனத்தின் 26ஆம் பிரிவு, செயலின்போது 18 வயது நிறையாதவர் மீது சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்கிறது. உள்நாட்டு நீதிமன்றம் விசாரித்தாலும் சிறார் நீதிக்கான பாதுகாப்புகள் பொருந்தும். மரண தண்டனைக்கு இடமில்லை. சிறுவயதில் ஆயுதக் குழுவால் கடத்தப்பட்டு, வளர்ந்த பின் அதிலேயே தளபதியான உகாண்டாவின் டொமினிக் ஓங்வென் 2021இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றதும் வயதுவந்தபின் செய்தவற்றுக்காகவே. ஆகையால் அறிக்கையில் ஒவ்வொரு செயலுக்கும் எதிரே அப்போது அவர் வயது என்ன, கட்டளையிட்டது யார் என்பதைக் குறியுங்கள். சிகிச்சை, குடும்பத்துடன் மறுஇணைப்பு, கல்வி ஆகியவற்றில் உடனடியாகத் தேவைப்படுவது எது என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள், ஏனெனில் விருப்ப நெறிமுறையின் 6ஆம் பிரிவின்படி மீட்பும் மறுவாழ்வும் அரசின் கடமை.