செக்யூரிட்டி பிளஸ் எழுதப் போகிறீர்களா? கைடு வாங்கும் முன் இதைப் பாருங்கள்

சைபர் செக்யூரிட்டி பக்கம் போக நினைக்கும் புதியவர்களிடம் சீனியர்கள் பெரும்பாலும் முதலில் சொல்லும் தேர்வு, காம்ப்டியா என்ற ஐடி சான்றிதழ் அமைப்பின் செக்யூரிட்டி பிளஸ். சரி, எந்த புக் வாங்குவது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிவிட்டு ஒன்றையும் முடிக்காதவர்கள் ஏராளம். எந்த கைடு கையில் கிடைத்தாலும் அது நமக்கு ஆகுமா ஆகாதா என்று அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடலாம். அந்த வழி இதோ.

படி 1: முதலில் சிலபஸ்

காம்ப்டியா தளத்தில் 'எக்ஸாம் அப்ஜெக்டிவ்ஸ்' என்ற பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கும். அதை இறக்கி ஒரு பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி எதிலிருந்து வரும் என்பதை முடிவு செய்வது இந்தச் சில பக்கங்கள்தான். கைடு எழுதியவரும் இதை வைத்துத்தான் எழுதியிருப்பார்.

இந்தத் தேர்வின் எஸ்ஒய்0-701 என்ற பதிப்பை எடுத்துக்கொண்டால், ஐந்து டொமைன்கள் (பாடப் பிரிவுகள்), அவற்றுக்குள் மொத்தம் 28 அப்ஜெக்டிவ்கள் (தலைப்புகள்). செக்யூரிட்டி ஆபரேஷன்ஸுக்கு 28 சதவீதம், அச்சுறுத்தல்களும் பலவீனங்களும் வரும் டொமைனுக்கு 22, நிர்வாகம், மேற்பார்வைக்கு 20, ஆர்க்கிடெக்சருக்கு 18, அடிப்படைக் கருத்துகளுக்கு 12. பல பேர் கிரிப்டோகிராஃபியிலேயே (தகவலை ரகசியக் குறியீடாக்கும் முறைகள்) மூழ்கிவிடுவார்கள். அது 12 சதவீத டொமைனில் வரும் ஒரு அப்ஜெக்டிவ், அவ்வளவுதான்.

படி 2: இது எந்தத் தேர்வுக்கான புத்தகம்?

701 வந்தது 2023 நவம்பரில். அதற்கு முந்தைய 601 தேர்வை 2024 ஜூலை 31-உடன் நிறுத்திவிட்டார்கள். ஆனால் 601 கைடுகள் பழைய புத்தகக் கடைகளிலும், வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப்களிலும் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. அட்டையில் தேர்வு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

அட்டையை மட்டும் நம்பவும் முடியாது. செக்யூரிட்டி கன்ட்ரோல்கள் (பாதுகாப்பு ஏற்பாடுகள்) பற்றிய பகுதியைத் திறங்கள். 601-இல் 'பிசிக்கல்' என்பது கன்ட்ரோல் டைப்களில் ஒன்றாக இருந்தது. 701-இல் அது டெக்னிக்கல், மேனேஜீரியல், ஆபரேஷனல் ஆகியவற்றோடு நான்காவது கேட்டகரியாகிவிட்டது. டைப் வரிசையில் 'டைரக்டிவ்' (இப்படித்தான் நடக்க வேண்டும் என்று விதியாகச் சொல்வது) புதிதாகச் சேர்ந்தது. 701 என்று அட்டையில் போட்டுவிட்டு உள்ளே டைரக்டிவ் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், அட்டைதான் புதுசு. கீழே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று: 601 வந்தது 2020 நவம்பர், 701 வந்தது 2023 நவம்பர். ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. நீங்கள் இதைப் படிக்கும்போது அடுத்த பதிப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று காம்ப்டியா தளத்தில் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

படி 3: வினைச்சொல்லைப் பார்த்து ஒரு தலைப்பை உரசிப் பாருங்கள்

அப்ஜெக்டிவ் ஒவ்வொன்றும் ஒரு கட்டளையோடு தொடங்கும். 'எக்ஸ்பிளெய்ன்', 'கம்பேர்' என்றால் தெரிந்திருந்தால் போதும். 'கிவன் எ சினாரியோ' என்று தொடங்கினால் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். தேர்வில் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். அதில் சில, திரையில் நாமே எதையாவது இழுத்து வைத்து, செட் செய்து விடை தரும் பெர்ஃபாமன்ஸ் கேள்விகள். இவை பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்து நேரத்தைத் தின்றுவிடும்.

4.5 அப்ஜெக்டிவில் ஃபயர்வால் ரூல்கள் வருகின்றன. உங்கள் கைடில் அந்தப் பகுதியைப் படியுங்கள். 'ஃபயர்வால் என்பது நெட்வொர்க்கைப் பாதுகாக்கும் கருவி' என்று வரையறை சொல்லி நகர்ந்துவிட்டால் அந்தப் புத்தகம் உதவாது. நல்ல கைடு ஒரு ரூல் பட்டியலைக் காட்டும். முதல் வரியில் எல்லாவற்றையும் அனுமதித்துவிட்டு இரண்டாம் வரியில் டெல்நெட்டின் (தொலைவிலிருந்து கணினியை இயக்கும் பழைய வழி) 23-ஆம் போர்ட்டைத் தடுத்தால், அந்தத் தடை வேலையே செய்யாது. ரூல்கள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும், முதலில் பொருந்தும் வரியே செல்லுபடியாகும். வரிசையை மாற்றினால் என்ன ஆகும், கடைசியில் எதற்கும் பொருந்தாத டிராஃபிக் என்ன ஆகும் என்பதுவரை அது கொண்டுபோக வேண்டும்.

படி 4: நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

நெட்வொர்க் பிளஸும் (காம்ப்டியாவின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்), செக்யூரிட்டி அல்லது சிஸ்டம் அட்மின் வேலையில் இரண்டு வருட அனுபவமும் இருந்தால் நல்லது என்கிறது காம்ப்டியா. கட்டாயமில்லை. ஆனால் 22-ஆம் போர்ட் எதற்கு, சப்நெட் என்றால் என்ன என்று கேட்டால் விழிக்கும் நிலையில் இருந்தால், கடைசி நேர ரிவிஷனுக்கு எழுதிய ஒல்லிப் புத்தகத்தை வாங்காதீர்கள். அது ஏற்கெனவே இந்த வேலையில் இருப்பவர்களுக்கு. உங்களுக்குத் தடிமனான முழு கைடுதான் வேண்டும், அதற்கு முன் கொஞ்சம் நெட்வொர்க்கிங்கும்.

இந்தத் தேர்வைத் தமிழில் எழுத முடியாது. அதனால் ஆங்கிலம் எளிமையாக இருக்கும் கைடாகப் பாருங்கள். வாங்கும் முன் ஆன்லைன் சாம்பிளில் இரண்டு பக்கம் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

படி 5: கேள்விகளைவிட விளக்கங்கள்

'ஆயிரம் கேள்விகள்' என்று அட்டையில் போட்டிருப்பதற்கு மயங்க வேண்டாம். ஒரு மாதிரிக் கேள்வி: ஆலையில் ஒரு பழைய மெஷின், அதற்கு பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) வருவதே நின்றுவிட்டது. அட்மின் அதைத் தனி நெட்வொர்க் செக்மென்டில் வைக்கிறார். இது எந்த வகை கன்ட்ரோல்? விடை, காம்பென்சேட்டிங். இதை மட்டும் சொன்னால் போதாது. கரெக்டிவ் ஏன் இல்லை என்பதற்கும் பதில் வேண்டும்: எதுவும் நடந்து முடிந்து அதைச் சரிசெய்யவில்லை, செய்ய வேண்டியதைச் செய்ய வழியில்லாததால் மாற்று ஏற்பாடு. தவறான விடைகளுக்கும் இப்படிக் காரணம் சொல்லும் புத்தகத்தில் இருநூறு கேள்வி இருந்தாலே போதும்.

பிராக்டிஸ் டெஸ்டில் 75 சதவீதம் எடுத்துவிட்டு பாஸ் மார்க் வந்துவிட்டதாக நினைக்கிறவர்கள் உண்டு. பாஸ் ஸ்கோர் 750 என்பது 100 முதல் 900 வரையிலான அளவில். அதைச் சதவீதமாக மாற்றிப் பார்க்க முடியாது.

படி 6: டம்ப்ஸ் பக்கம் போகாதீர்கள்

'ஒரிஜினல் கேள்விகள், நூறு சதவீதம் பாஸ்' என்று டெலிகிராமில் டம்ப்ஸ், அதாவது தேர்விலிருந்து கசிந்ததாகச் சொல்லும் கேள்வித் தொகுப்பு விற்கிறார்களே, அது கைடே இல்லை. காம்ப்டியா விதிப்படி அது மோசடி. தெரியவந்தால் வாங்கிய சான்றிதழே பறிபோகும். தவிர, அவற்றில் விடைகளே பல இடங்களில் தப்பாக இருக்கும். தப்பான விடையை மனப்பாடம் செய்யக் காசு கொடுப்பானேன்?

படி 7: இத்தோடு நிறுத்துங்கள்

ஒரு முழு கைடு, ஒரு வீடியோ தொடர், ஒரு கேள்வித் தொகுப்பு. வீடியோவுக்குச் செலவே வேண்டாம். புரொஃபசர் மெஸரின் 701 பாடங்கள் யூடியூபில் இலவசம், அப்ஜெக்டிவ் வரிசைப்படியே போகும். பிரிண்ட் எடுத்த சிலபஸில், புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் சொந்த வார்த்தையில் விளக்க முடிகிற வரிகளை மட்டும் டிக் செய்யுங்கள். பாதிக்கு மேல் டிக் விழுந்ததும் தேர்வுத் தேதியை புக் செய்யலாம்.

முதல் முறை ஃபெயிலாகிவிட்டால் உடனே புதுப் புத்தகம் தேடாதீர்கள். ஸ்கோர் ரிப்போர்ட்டில் நீங்கள் கோட்டைவிட்ட அப்ஜெக்டிவ்கள் இருக்கும். அவற்றைச் சிலபஸில் வட்டமிட்டு, இருக்கும் கைடிலேயே அந்தப் பகுதிகளைத் திரும்பப் படியுங்கள். இரண்டாம் முறைக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது; மூன்றாம் முறைக்குத்தான் 14 நாள் இடைவெளி.