தூண்டில் ஈயம் வார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டில் வலை சரிசெய்வதும் இன்ஜின் பிரிப்பதும் நடக்கிற அந்த நாட்களில்தான் எங்கள் பக்கம் ஈயம் காய்ச்சும் அடுப்புகளும் எரியும். முன்பு வலைக்காரர்கள் மட்டும் காய்ச்சினார்கள். இப்போது ராடும் ரீலும் வாங்கிக்கொண்டு அடையாறு முகத்துவாரம், முட்டுக்காடு, பழவேற்காடு என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் இளைஞர்களும் சொந்தமாகத் தூண்டிலுக்கான ஈயக் குண்டு வார்க்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அவர்கள் செய்வதைப் பார்க்கும்போது, எங்கள் ஆட்கள் எல்லோரும் ஆரம்பத்தில் செய்த அதே கோளாறுகள் ஒன்று விடாமல் திரும்ப நடக்கின்றன.

கண்ணாடி போடு, கையுறை போடு, வெறுங்காலோடு நிற்காதே என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். யாரும் எடுத்துச் சொல்லாத விஷயங்களை மட்டும் எழுதுகிறேன்.

மூட்டையை அப்படியே சட்டியில் கொட்டுவது

பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையிலோ டயர் கடையிலோ கேட்டால் வீல் பேலன்சிங் வெயிட் கிடைக்கும். சக்கர விளிம்பில் கிளிப் போட்டு அடிக்கிற சின்னத் துண்டு. ஒரு காலத்தில் அது பெரும்பாலும் காரீயம்தான், ஈயத்தைக் கெட்டியாக்கும் ஆன்டிமணி கொஞ்சம் சேர்ந்தது. தூண்டில் குண்டுக்கு அதைவிடப் பொருத்தமான சரக்கு கிடையாது. சுத்த ஈயத்தைவிடக் கொஞ்சம் கெட்டி, கல்லில் அடிபட்டாலும் சீக்கிரம் நசுங்காது. 2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் கார்களில் ஈய வெயிட்டுக்குத் தடை போட்டது. துத்தநாகத்திலும் இரும்பிலும் செய்த வெயிட்டுகள் பரவின. இன்று ஒரு மூட்டையைத் தரையில் கொட்டினால் மூன்றும் கலந்துதான் கிடக்கும். கிரீஸும் பிரேக் தூளும் படிந்த பிறகு மூன்றும் ஒரே சாம்பல் நிறம்.

இரும்பால் தொல்லை இல்லை. அது உருகாது, ஈயத்தின் மேல் மிதக்கும், கரண்டியால் வாரிப் போடலாம். கெடுப்பது துத்தநாகம். காரீயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் 420 டிகிரியில். நடுவில் 90 டிகிரிக்கு மேல் இருக்கிறதே என்று தோன்றும். பெரிய பர்னரில் வைத்த இரும்புச் சட்டி அந்த இடைவெளியை நாம் கவனிப்பதற்குள் தாண்டிவிடும்.

போன தடைக்காலத்தில் ராயபுரத்துத் தம்பி ஒருவர் சரியாக இதைத்தான் செய்தார். ஒரு மூட்டை வெயிட் வாங்கி, பிரிக்காமல், சட்டி நிறையப் போட்டு முழுத் தீ வைத்திருக்கிறார். எல்லாம் உருகியது. மேலே மட்டும் ஆறிய கேழ்வரகுக் கூழ் மாதிரி திட்டுத் திட்டாக நின்றது. கசடு என்று நினைத்து அதைக் கிளறிக் கிளறி உள்ளே தள்ளினார். அச்சில் ஊற்றினால் மூலைக்குப் போகவில்லை, குண்டு பாதியில் உறைந்து நின்றது. என்னைக் கூப்பிட்டபோது தீ இன்னும் அதிகமாக எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, சூடு பத்தலைன்னு நெனச்சு ஏத்தி வெச்சேன்" என்றார்.

சூட்டை ஏற்றியதில் மிதந்துகொண்டிருந்த மிச்சத் துத்தநாகமும் கரைந்தது. அதோடு விட்டிருந்தால் ஒரு மூட்டை நஷ்டம். சட்டியை நேராக்க வேண்டும் என்று, பழைய டெலிபோன் கேபிளின் உறையிலிருந்து பொறுமையாக உரித்துச் சேர்த்து வைத்திருந்த சுத்தமான ஈயத்தையும் எடுத்து அதிலேயே போட்டுவிட்டார். அந்தக் கேபிள் ஈயம் இப்போதெல்லாம் சுலபத்தில் கிடைக்காது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. கெட்ட சட்டியில் நல்ல ஈயம் போட்டால் கெட்ட ஈயத்தின் அளவு கூடுமே தவிர வேறொன்றும் நடக்காது. துத்தநாகம் கொஞ்சமாகக் கலந்தாலே மேற்பரப்பில் தடித்த ஆக்சைடு தோல் உருவாகி ஈயத்தின் ஓட்டத்தைக் கெடுத்துவிடும். அதை வெளியே எடுக்க நம் அடுப்பில் வழி இல்லை.

இதற்கு ஒரே வழி, உருக்குவதற்கு முன் உட்கார்ந்து பிரிப்பது. பல வெயிட்டுகளில் Zn (துத்தநாகம்), Fe (இரும்பு), Pb (ஈயம்) என்று அச்சடித்தே இருக்கும். துணியால் துடைத்தால் தெரியும். எழுத்து இல்லாததை கட்டிங் பிளேயரால் கடித்துப் பாருங்கள். ஈயத்தில் பல் சுலபமாக இறங்கும், துத்தநாகத்தில் வழுக்கும். சிமென்ட் தரையில் போட்டால் ஈயம் மொத்தென்று விழும், துத்தநாகம் கணீரென்று கேட்கும். அப்படியும் சந்தேகம் என்றால் சுரண்டிய இடத்தில் கழிப்பறை கழுவும் ஆசிட் ஒரு சொட்டு விடுங்கள். உடனே நுரைத்தால் துத்தநாகம். சோதித்த துண்டைக் கழுவிக் காயவைக்காமல் சட்டிப் பக்கம் கொண்டுவரக் கூடாது. பிசின் தாளோடு ஒட்டுகிற வெயிட்டுகள் தனிக் கணக்கு: அவற்றில் ஈயமாக இருப்பது பெரும்பாலும் மென்மையான சுத்த ஈயம், தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பார்த்துப் பிரித்தாலும் ஒன்றிரண்டு தப்பும். அதனால் முதல் உருக்கலை 350, 370 டிகிரிக்குள் வைத்து, மிதப்பதை உடனுக்குடன் வாரிவிட வேண்டும். ஊறட்டும் என்று விடக் கூடாது. உருகாத துத்தநாகம் கூட உருகிய ஈயத்தில் கிடந்தால் மெல்ல மெல்லக் கரையும். சூட்டைக் கண்ணால் கணக்குப் போடாதீர்கள். ரிச்சி தெருவில் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கம்பி) வைத்த மீட்டர் வாங்கிவிடுங்கள். ஒரு கெட்ட சட்டியின் நஷ்டத்தோடு பார்த்தால் அது பெரிய செலவே இல்லை.

ஏற்கெனவே கெட்டுவிட்டதா? தூண்டில் குண்டுக்கு அது இனி உதவாது. சின்ன வள்ளத்தின் நங்கூரம், நண்டுக் கூடையின் அடிக்கட்டி போல உருவம் முக்கியமில்லாத பெரிய கட்டிகளாக ஊற்றிவிடுங்கள். அடையாளம் போட்டு வையுங்கள், நல்ல ஈயத்தோடு மறுபடி கலந்துவிடாமல்.

பேட்டரி ஈயம்

காயலாங்கடையில் கார் பேட்டரி தட்டு மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். தட்டில் பெரும்பகுதி உலோகமே இல்லை, ஈய சல்பேட்டும் ஆக்சைடும் சேர்ந்த பசை. உருக்கினால் கைக்குக் கிடைப்பது கொஞ்சம், மீதி நச்சுத் தூசி. சில தட்டுகளில் ஆர்சனிக்கும் ஆன்டிமணியும் இருக்கும். கால்சியம் கலந்த புது வகைத் தட்டோடு சேர்ந்து உருகி, அந்தக் கசடில் பிறகு ஈரம் பட்டால் ஆர்சைன் என்கிற வாயு கிளம்பலாம். அது உயிரையே எடுக்கக்கூடியது. பழைய பேட்டரி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும் என்று 2022 பேட்டரிக் கழிவு விதிகளும் சொல்கின்றன. புது பேட்டரி வாங்கும்போது பழையதைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

அச்செழுத்து

மூடிய அச்சகங்களின் ஈய எழுத்துகள் எப்போதாவது காயலாங்கடைக்கு வரும். ஈயம், ஆன்டிமணி, வெள்ளீயம் மூன்றும் சேர்ந்தது, அச்சில் கூர்மையாக விழும், ஆனால் சட்டென்று உடையும். மென்மையான ஈயத்தோடு கொஞ்சமாகக் கலக்கலாம். முழு செட்டாகத் தமிழ் எழுத்து கண்ணில் பட்டால் தயவுசெய்து உருக்காதீர்கள். குண்டு வார்க்க வேறு ஈயம் கிடைக்கும். அந்த எழுத்தை இனி யாரும் வார்க்கப்போவதில்லை.

காய்ந்துவிட்டது என்று நம்புவது

உருகிய ஈயத்தில் தண்ணீர் விழக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஈயத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டால் சட்டியில் இருப்பது முகத்துக்கு வரும். தெரியாதது, சென்னைக் காற்றில் எது காய்ந்தது எது காயாதது என்பது. கடற்கரை ஓரத்து வீட்டில் இரவெல்லாம் கிடந்த ஈயக்கட்டி, கரண்டி, அச்சு எல்லாவற்றிலும் ஈரம் ஏறியிருக்கும். கொதிக்கும் சட்டியில் புதுக் கட்டியை நேராகப் போடாதீர்கள். சட்டி விளிம்பில் வைத்து நன்றாகச் சூடாக்கிய பிறகு மெதுவாக இறக்குங்கள். கரண்டியும் அப்படியே.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெயிலில் ஒரு வாரம் கிடந்தாலும் இறுகிய பிளாஸ்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான். கைக்குத் தட்டுப்படாது, ஈயம் பட்டதும் வெளியே வரும். அலுமினிய அச்சு போதும், அம்பத்தூர்ப் பக்கம் லேத் பட்டறையில் கடைந்து கொடுப்பார்கள். மாக்கல்லில் செதுக்கினாலும் நன்றாக உழைக்கும், நன்றாகச் சூடேற்றிய பிறகு ஊற்ற வேண்டும்.

மழைக்காலமான ஐப்பசி, கார்த்திகையில் கூரை இல்லாத இடத்தில் அடுப்பே வேண்டாம்.

முதல் குண்டில் சுருக்கம் விழுந்ததும் தீயை ஏற்றுவது

அச்சு சூடாகவில்லை, அவ்வளவுதான். அந்தக் குண்டைத் திரும்பச் சட்டியில் போட்டு ஊற்றிக்கொண்டே இருங்கள், தானாகச் சரியாகும்.

ஜி.ஐ. கம்பியில் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) குண்டுக்கு வளையம்

துரு பிடித்து அறும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் போடுங்கள்.

புகைக்குப் பயந்து, தூசியை மறப்பது

350, 400 டிகிரியில் ஈயம் ஆவியாகிப் பறப்பது மிகக் குறைவு. அதற்காக அறைக்குள் காய்ச்சலாம் என்று அர்த்தமில்லை. அழுக்கும் தாரும் எரியும் புகையே போதும், திறந்த வெளியில்தான் காய்ச்ச வேண்டும். ஆனால் உடம்புக்குள் ஈயம் அதிகம் போகும் வழி கையும் கசடும். மேலே வாரி எடுக்கும் சாம்பல் கசடில் ஈய ஆக்சைடு இருக்கிறது. அதைத் தரையில் தட்டிவிட்டுப் பெருக்கினால் தூசி முழுக்க மூச்சில் ஏறும். மூடி போட்ட தகர டப்பாவில் சேருங்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள். கை கழுவும் வரை டீ, பீடி, வெற்றிலை எதுவும் வேண்டாம்.

குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவரவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காய்ச்சிய சட்டையோடு வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் பக்கத்திலேயே வர வேண்டாம்.

நரம்பில் மாட்டும் பிளவுள்ள சின்ன ஈயத்தைப் பல்லால் கடித்து மூடுவது

பிளேயர் எடுத்துப் போங்கள்.

வீட்டுச் சட்டி

ஈயம் கண்ட சட்டி அடுக்களைக்குத் திரும்பவே கூடாது.

பாறை இடுக்கில் நல்ல குண்டை வீசுவது

தூண்டில் வளைவு (கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய தடுப்பு), துறைமுகச் சுவர் போன்ற இடங்களில் வீசினால் பாதி அங்கேயே தங்கும். கரைக்கும் அது நல்லதில்லை. சின்ன ஈயக் குண்டுகளை அன்னப்பறவைகள் விழுங்கிச் சாகின்றன என்றுதான் பிரிட்டனில் 1987-இல் தடை கொண்டுவந்தார்கள். அந்த இடத்துக்குப் பழைய ஸ்பார்க் பிளக் போதும். புதுப்பேட்டையில் வாளி வாளியாகக் கிடைக்கும். மெயின் லைனைவிட மெல்லிய நரம்பில் கட்டுங்கள். சிக்கினால் அந்த நரம்பு மட்டும் அறும், மீனும் தூண்டிலும் கைக்கு வந்துவிடும்.