கீசரில் வெந்நீர் வரவில்லையா? மின்பழுதைப் படிப்படியாகத் தேடும் முறை

பாளையங்கோட்டையில் ஆண்டின் பாதி நாள் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே வெந்நீராகத்தான் இறங்கும் என்பதால், கீசரின் நினைவு எங்களுக்கு மார்கழியில்தான் வருகிறது. மாதக்கணக்கில் சும்மா கிடந்த கருவியின் பழுதும் அப்போதுதான் வெளிப்படுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் கீசர் நின்றபோது, வந்த பழுதுநீக்குபவர் எதையும் அளந்து பார்க்காமல் "காயில் போச்சு" என்று சொல்லி, தண்ணீரைச் சூடாக்கும் அந்தக் காயிலுக்குப் பதில் புதியதை மாட்டிச் சென்றார். இரண்டே வாரத்தில் கீசர் மீண்டும் நின்றது. உண்மையில் கருகியிருந்தது பிளக்கின் ஒரு முள். எனவே எந்த உதிரிபாகத்தையும் வாங்குவதற்கு முன், மின்சாரம் செல்லும் வழியிலேயே நாமும் நடந்து, அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கே சொல்வது 15 அல்லது 25 லிட்டர் கொள்ளளவும் 2000 வாட் காயிலும் கொண்ட சாதாரணத் தொட்டிக் கீசருக்குப் பொருந்தும்.

ஒரு நிபந்தனை உண்டு. குழாயையோ தண்ணீரையோ தொடும்போது சுரீரென்று ஷாக் அடித்திருந்தால், எம்சிபியை (மின்பலகையில் இருக்கும், மின்னோட்டம் மீறினால் தானாக விழும் சுவிட்ச்) இறக்கிவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்; அந்தப் பழுது கற்றுக்கொள்பவர்களுக்கு உரியதல்ல.

முதலில், கீசரைத் திறக்காமலே அதன் விளக்குகளைப் பாருங்கள். பெரும்பாலான கீசர்களில் மின்சாரம் வந்ததைக் காட்ட ஒரு விளக்கும், காயில் சூடாவதைக் காட்ட ஒரு விளக்கும் இருக்கும். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது இரண்டுமே எரியவில்லை என்றால் சாக்கெட், பிளக், கட்-அவுட் (சூடு அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். முதல் விளக்கு மட்டும் எரிந்தால், தண்ணீர் போதிய அளவு சூடானதும் காயிலை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டையும், இரண்டும் எரிந்து தண்ணீர் மட்டும் சூடாகவில்லை என்றால் காயிலையும் சந்தேகிக்கலாம்.

அடுத்து சாக்கெட். இங்கே டெஸ்டரை மட்டும் நம்புவது பெரும்பாலோர் செய்யும் தவறு. டெஸ்டர், மின்சாரம் வரும் கம்பியான பேஸ் இருப்பதைத்தான் சொல்லும். மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பியான நியூட்ரல் அறுந்திருந்தாலும் டெஸ்டர் பளிச்சென்று எரியும். மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட் அளவில் வைத்து அளந்தால், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் ஏறத்தாழ 230 வோல்ட் காட்ட வேண்டும்; பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் அதே அளவு வர வேண்டும். இரண்டாவது அளவு வரவில்லை என்றால் எர்த் இல்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் கீசரைப் போடக் கூடாது. 230 காட்டிவிட்டது என்பதற்காகச் சாக்கெட் நன்றாக இருக்கிறது என்றும் முடிவுகட்டிவிட முடியாது. மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறிது. 2000 வாட் கீசரோ 8.7 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த இணைப்பு மீட்டருக்குப் போதும், கீசருக்குப் போதாது. ஆகவே எம்சிபியை இறக்கி, பிளக்கைப் பிடுங்கி, முட்களில் கருமையோ பிளாஸ்டிக்கில் உருகலோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கீசருக்கு 16 ஆம்பியர் பிளக்கும் சாக்கெட்டுமே வேண்டும்.

இனிச் செய்யும் சோதனைகள் எல்லாம் பிளக் பிடுங்கிய நிலையிலேயே நடக்கும். பிளக் இல்லாமல் வயர் நேரடியாகச் சுவருக்குள் போயிருந்தால், சுவிட்சை அணைத்தது போதாது. எம்சிபியை இறக்கி, மின்சாரம் உள்ள வேறொரு சாக்கெட்டில் மீட்டரைச் சரிபார்த்து, பின்பு கீசரின் முனைகளில் அளந்து, மறுபடியும் அதே சாக்கெட்டில் மீட்டரைச் சரிபார்த்த பிறகே கை வையுங்கள்.

மூடியைக் கழற்றி, இணைப்புகளைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கட்-அவுட்டில் உள்ள சிறிய பொத்தானை அழுத்தும்போது 'டக்' என்று விழுந்தால், அது அளவுக்கு மீறிய சூட்டால் துண்டித்திருக்கிறது. ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். அதன் பிறகும் கட்-அவுட் துண்டித்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும், அல்லது தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கக்கூடும். கட்-அவுட்டை நீக்கிவிட்டு வயரை நேரடியாக இணைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது தொட்டியை வெடிக்கச் செய்யும் வேலை. தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க, அதன் ஒரு வயரைக் கழற்றி, மீட்டரை ஓம் அளவில் வைத்து, இரு முனைகளுக்கும் இடையில் அளக்க வேண்டும். தண்ணீர் குளிர்ந்திருக்கையில் சுழிக்கு அருகில் காட்டினால் அது மின்சாரத்தை விடுகிறது.

காயிலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 230-ஐ 230-ஆல் பெருக்கி, காயிலின் வாட்டால் வகுத்தால் அதன் மின்தடை கிடைக்கும்: 2000 வாட்டுக்கு ஏறத்தாழ 26 ஓம், 3000 வாட்டுக்கு ஏறத்தாழ 18 ஓம். காயிலின் ஒரு வயரைக் கழற்றிவிட்டு அளக்கும்போது இதற்கு அருகில் வந்தால் காயில் உயிரோடு இருக்கிறது. மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் அறுந்துவிட்டது. ஆற்றுத் தண்ணீர் வரும் வீடுகளைவிட போர்த் தண்ணீரை நம்பும் வீடுகளில் காயில் சீக்கிரம் போவதற்கு உப்புப் படிவே காரணம். வெள்ளைப் பாறைபோல் படியும் அந்த உப்பு, சூட்டைத் தண்ணீருக்குள் எளிதில் விடாததால் காயில் தன் சூட்டிலேயே வெந்துபோகிறது.

மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழுகிறது என்றால் கசிவைத் தேட வேண்டும். காயிலின் இரண்டு வயர்களையும் கழற்றி, முனைக்கும் தொட்டியின் உலோகத்துக்கும் இடையில் மீட்டரின் மிக உயர்ந்த ஓம் அளவில் பாருங்கள். ஏதேனும் எண் நிலையாக நின்றால் காயிலை மாற்றிவிடுங்கள். எதுவும் காட்டாவிட்டாலும் முழு நம்பிக்கை வேண்டாம். மல்டிமீட்டர் சில வோல்ட்டுகளிலேயே சோதிக்கிறது, கசிவோ 230 வோல்ட்டில்தான் தலைகாட்டும். 500 வோல்ட் மெக்கர் (உயர் வோல்ட்டில் கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்திருக்கும் மின்பணியாளர் அதை உறுதிசெய்வார்.

எல்லாவற்றையும் படத்தில் உள்ளபடி மாட்டி, திருகுகளை இறுக்கி, மூடியைப் பூட்டுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் சீராக வருவதைப் பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட் காயிலுக்கு ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும். அதுவரை அருகிலேயே இருந்து, சூடாவதைக் காட்டும் விளக்கு தானாக அணைகிறதா என்று பாருங்கள். பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதன் முட்கள் கொதிக்கின்றனவா என்று புறங்கையை அருகில் வைத்துப் பாருங்கள்.