பெரிய கெண்டைக்கு மக்காச்சோள இரை: ஜிலேபியிடமிருந்து தப்பிக்கும் வழி

கடலைப் பிண்ணாக்கும் மைதாவும் பிசைந்த உருண்டையைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான்: உருண்டை தரையைத் தொட்ட சில நிமிடங்களிலேயே ஜிலேபி மீன் (திலேப்பியா) கொத்திக் கொத்திக் கரைத்துவிடும். அப்புறம் தண்ணீருக்குள் கிடப்பது வெறும் தூண்டில் முள். பெரிய கெண்டை வந்தாலும் அங்கே அதற்கு ஒன்றும் இல்லை. சாதாக் கெண்டையை (காமன் கார்ப்) குறிவைக்கிறீர்களா, மாவை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறுங்கள். கட்லாவுக்கு இது ஒத்துவராது. மேல்நோக்கிய வாயோடு மேல்மட்டத்தில் மேய்கிற மீன் அது.

சோளம் வேகவைப்பது

தீவனக் கடையில் கிடைக்கும் காய்ந்த மக்காச்சோளம் 1 கிலோ போதும். தாராளமாகத் தண்ணீர் ஊற்றி 24 மணி நேரம் ஊறவிட்டு, அதே தண்ணீரில் 40 நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஒரு மணியை எடுத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் இறங்க வேண்டும், மணி நசுங்கக் கூடாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோல் வெடித்திருந்தால் பதம் சரி. வடிக்காமல் மூடி ஒரு நாள் வைத்தால் லேசான புளிப்பு வாசமும் கொழகொழப்பும் வரும். வாசனையைப் பரப்புவதே அந்தத் தண்ணீர்தான், கொட்டிவிடாதீர்கள்.

அரைவேக்காட்டுச் சோளத்தைத் தூவவே கூடாது. மீனின் குடலுக்குள் போய் ஊதி, அதற்குக் கேடு செய்யும்.

முள் கட்டுவது

கெண்டைக்குப் பல் தொண்டையில்தான், வாயில் இல்லை. இரையை உறிஞ்சிப் பார்க்கும், உறுத்தினால் துப்பிவிடும். சோளத்தை முள்ளிலேயே குத்தினால் கூர்முனை மூடிப்போகும், துப்பும்போது வாயில் ஏறாது. இங்கிலாந்தில் 1980 வாக்கில் இதற்கு வழி கண்டார்கள்: இரையை முள்ளில் குத்தாமல், அதிலிருந்து தொங்கும் மெல்லிய இழையில் கோப்பது. முதலில் தலைமுடியையே கட்டிப் பார்த்ததால் ‘ஹேர் ரிக்’ என்று பெயர். அங்கே பிடிக்கிற அதே இனம்தான் இங்கேயும். 1939இல் இலங்கை வழியாக நீலகிரிக்கு வந்தது.

1. 30 செ.மீ. பின்னல் நூலின் ஒரு முனையில் சிறு கண்ணி போடுங்கள்.

2. மெல்லிய குரோஷா ஊசியில் 3 மணிகளைக் கோத்து, ஊசிக் கொக்கியில் கண்ணியை மாட்டி, மணிகளை நூலுக்குத் தள்ளுங்கள். கண்ணிக்குள் அரை செ.மீ. ஈர்க்குத் துண்டைக் குறுக்கே செருகினால் மணிகள் நழுவாது.

3. மறுமுனையை 6ஆம் எண் முள்ளின் காதில் நுழையுங்கள். (எண் குறையக் குறைய முள் பெரிது.) முள்ளின் வளைவுக்கும் மணிக்கும் நடுவே 1 செ.மீ. விட்டு, இழையைத் தண்டோடு சேர்த்துப் பிடித்து, நீள நூலால் அதன்மேல் 7 சுற்று சுற்றுங்கள். பிறகு அந்த நூலைக் காதின் முதுகுப் பக்கமிருந்து (முள்முனைக்கு எதிர்ப் பக்கம்) விட்டு, எச்சில் தொட்டு இறுக்குங்கள். முதுகுப் பக்கம் மாறினால் முள் உதட்டை நோக்கித் திரும்பாது. புதியவர்கள் தவறுவது இங்கேதான்.

4. 60 முதல் 80 கிராம் ஈயத்தை 0.35 மி.மீ. நரம்பில் (ரீலிலிருந்து வரும் தூண்டில் இழை) தாராளமாக ஓடும்படி கோத்து, நுனியில் சுவிவல் (சுழலும் இணைப்பு வளையம்) கட்டி, முள் நூலை இணையுங்கள். நரம்பு அறுந்தாலும் மீன் ஈயத்தை இழுத்துக்கொண்டு திரியக் கூடாது.

முள்முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக இழுங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, மாற்றுங்கள்.

தீனி தூவுவது

ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் அனுமதி கேட்டுவிட்டு உட்காருங்கள். ஐந்தாறு கைப்பிடிச் சோளத்தை 2 மீட்டர் வட்டத்துக்குள் தூவி, அதன் நடுவில் முள்ளைப் போடுங்கள். அப்புறம் ஒரு மீன் ஏறினால் ஒரு கைப்பிடி, அவ்வளவே. வாளி வாளியாகக் கொட்டினால் மீன் வயிறு நிறைந்து போய்விடும். உங்கள் மூன்று மணிகள் ஆயிரத்தில் மூன்றாகிவிடும். கலங்கலோடு குமிழிகள் கொத்தாகக் கிளம்பினால் கெண்டை தரையைக் கிளறுகிறது என்று அர்த்தம். அப்போது முள்ளை எடுத்துத் திரும்ப வீசாதீர்கள், சத்தத்தில் கூட்டம் கலைந்துவிடும்.

ரீலின் டிராக்கை (நரம்பு ஓடும் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) தளர்த்தியே வையுங்கள். இறுக்கமாக இருந்தால் மீன் கோலோடு போய்விடும். கோலின் நுனி படபடவென்று துடித்தால் ஜிலேபி, தொடாதீர்கள். நரம்பு நிற்காமல் ஓடினால்தான் கெண்டை: டிராக்கைக் கொஞ்சம் இறுக்கிக் கோலை நிதானமாக உயர்த்துங்கள். முள் ஏற்கெனவே உதட்டில் ஏறியிருக்கும், வெட்டி இழுத்தால் வாய்தான் கிழியும்.