ஸ்லைடு பால் மாதிரி மங்கலா வருதா?

மைக்ரோஸ்கோப்புக்கான திசு ஸ்லைடுக்கு ஸ்டெயின் (சாயம்) ஏத்தி முடிச்சு கவர்ஸ்லிப் (மேல மூடுற மெல்லிசு கண்ணாடி) போட்டுப் பார்த்தா மோர் தெளிச்ச மாதிரி வெள்ளையா இருக்குதா, முதல்ல சைலீன் (திசுவைத் தெளிவாக்குற கரைப்பான்) ஜாடியைப் பாருங்க, கலங்கியிருந்தா அதுல தண்ணி கலந்திருச்சுன்னு அர்த்தம். நம்ம சிங்கப்பூர் ஈரக்காத்துல ஆப்சல்யூட் ஆல்கஹாலை (சைலீனுக்கு முன்னாடி முக்குற, தண்ணி கலக்காத ஆல்கஹால்) மூடாம வச்சா ஈரத்தை இழுத்துக்கும், அந்த ஈரம் சைலீனுக்கும் போயிடும், அதான் மூடி விஷயத்துல நான் ரொம்ப கண்டிப்பு. ஸ்லைடைத் தூக்கிப் போட்றாதீங்க! ஃபியூம் ஹூட்ல வச்சு சைலீன்ல ஊறவிட்டு கவர்ஸ்லிப்பைக் கழட்டி, புது ஆப்சல்யூட்ல ரெண்டு மூணு தடவை முக்கி, புது சைலீனுக்கு மாத்தி திரும்ப கவர்ஸ்லிப் ஒட்டி மவுண்ட் பண்ணுங்க, தெளிஞ்சிடும். ஆனா ஆல்கஹால்ல ரொம்ப நேரம் விட்டா இயோசின் (இளஞ்சிவப்புச் சாயம்) வெளுத்துடும், சட்டுனு முடிங்க.

நியூக்ளியஸ் ஈஷின மாதிரி இருந்தா பெரும்பாலும் ஸ்டெயின் மேல தப்பில்ல, ஃபிக்சேஷன்தான் (திசுவை ஃபார்மலின்ல ஊறவச்சு கெடாம பதப்படுத்துறது). ஃபார்மலின் மணிக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் உள்ள போகும், தடிச்ச துண்டை அவசரப்பட்டு ப்ராசஸர்ல (திசுவுல தண்ணியை எடுத்து மெழுகு ஏத்துற மெஷின்) போட்டா நடுப்பகுதி பதப்படாம பச்சையாவே நிக்கும், பின்னாடி எதை மாத்தினாலும் திரும்பாது. அதனால 3-4 மில்லிமீட்டர் கனம், திசுவைப் போல 10 மடங்காவது ஃபார்மலின். அந்த சின்ன பயாப்சிக்காக ஒரு குடும்பமே தூங்காம காத்துக்கிட்டிருக்கும்ங்க.

செக்‌ஷன்ல (மெழுகுத் திசுவை மெல்லிசா சீவின துண்டு) பிளேடுக்கு இணையா வரிவரியா கோடு விழுந்தா பிளேடையும் பிளாக்கையும் (திசு பதிச்ச மெழுகுக் கட்டி) நல்லா இறுக்குங்க.